ஒரு மீனுக்கு ஒரு முள்



கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் ஊர்களின் ஏரிக்கரைகளிலும் ஆற்றுப் படித்துறைகளிலும் தூண்டிலோடு நிற்கும் இளைஞர்களைக் காணலாம். ஆராதனை முடிந்து வெளியே வரும் வாலிபரில் சிலர் என்னிடமும் மீன்பிடிப்பைப் பற்றிப் பேசுவதுண்டு. கழியின் நீளம், ரீலின் விலை, இரையின் பக்குவம் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் ஆர்வத்தோடு பேசுகிறார்கள். முள்ளைப் பற்றிக் கேட்பவர் குறைவு. கேட்பவரும், "எந்த முள்ளில் சிக்கினால் மீன் தப்பாது?" என்றே கேட்கிறார். விலையில் எல்லாவற்றினும் மலிந்தது அந்த முள்தான். ஆனால் மீனின் உடலைத் தொடுவது அது ஒன்றே. ஆகவே இந்த வாரம் அதைப் பற்றியே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூண்டிலிடுகிறவரின் மனச்சாட்சி விழித்திருக்க வேண்டிய நேரம், பெட்டியைத் திறந்து முள்ளை எடுக்கும் அந்தச் சில நொடிகளே. மீன் கரைக்கு வந்தபின் காட்டும் இரக்கம் பெரும்பாலும் காலந்தாழ்ந்த இரக்கம்.

கடலோரத்தில் ஒரு தூண்டில்

புதிய ஏற்பாட்டில் மீன்வலை பலமுறை வருகிறது. தூண்டிலோ ஒரே ஒரு முறைதான் வருகிறது. மத்தேயு 17-ஆம் அதிகாரத்தின் இறுதியில், கப்பர்நகூமில் தேவாலய வரி கேட்டு வந்தவர்களைப் பற்றிய பகுதி அது. அங்கே தூண்டிலைக் குறிக்கும் 'அங்கிஸ்ட்ரோன்' என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. கலிலேயாக் கடல் என்று நாம் வாசிப்பது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. ஏறக்குறைய 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உடைய அந்த ஏரிக்கு யோர்தான் நதி வடக்கிலிருந்து வந்து நீர் சேர்க்கிறது. ஆகவே பேதுரு அன்று செய்தது நாம் இன்று பேசும் அதே வேலைதான்: நன்னீரில் தூண்டிலிடுதல்.

பேதுரு வலைத் தொழிலாளி. படகும் வலையும் கூட்டாளிகளும் உடையவர். அவரிடம் ஆண்டவர் இம்முறை வலையை வீசச் சொல்லவில்லை. தூண்டிலைப் போடச் சொன்னார். முதலில் வருகிற மீனை எடுக்கச் சொன்னார். அதன் வாயில் கிடைத்த பணம் இருவருடைய வரிக்குச் சரியாக இருந்தது; மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை. இந்த அற்புதத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் நாணயத்தோடு நின்றுவிடுகிறோம். கருவியின் தெரிவையும் சற்றுக் கவனிக்கலாம். தேவைப்பட்டது ஒரு மீன். அதற்குத் தக்க கருவி, ஒரு மீனை மட்டும் எடுக்கும் கருவி.

அதே சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தில் வலையின் உவமை வருகிறது. வலை எல்லாவகை மீன்களையும் வாரிக்கொள்ளும். கரையில் உட்கார்ந்து நல்லவற்றைக் கூடையில் சேர்த்து ஆகாதவற்றை எறிந்துவிடுவார்கள். செதிலற்ற மீன் யூதருக்கு விலக்கப்பட்டது. அந்த ஏரியிலோ கெளுத்தி இனத்து மீன் உண்டு. வலைக்காரருக்குத் தரம்பிரித்தல் கடைசி வேலை. தூண்டில்காரருக்கு அது முதல் வேலையாக இருக்க முடியும். இந்தச் சலுகையைப் பயன்படுத்தாமல் கையில் கிடைத்த முள்ளைக் கட்டுகிறவர், தூண்டிலைப் பிடித்திருந்தாலும் வலைக்காரரைப் போலவே நடந்துகொள்கிறார்.

பேதுரு பிடித்தது எந்த மீன் என்பதிலும் ஒரு பாடம் உண்டு. இன்று அந்த ஏரிக்கரை உணவகங்களில் 'பேதுருவின் மீன்' என்று பரிமாறப்படுவது நம் ஜிலேபி மீனின் உறவினம். அது பெரும்பாலும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்டு வாழ்வது. தூண்டில் இரையை நாடி வருவது அரிது. அந்த ஏரியின் மீன்பிடிப்பை நெடுங்காலம் ஆராய்ந்தவரும் தாமே மீனவராக இருந்தவருமான மெண்டல் நூன், பேதுருவின் தூண்டிலில் சிக்கியது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மீசையுள்ள மீனாகவே இருந்திருக்க வேண்டும் என்று கருதினார். ஒரு மீன் எதை உண்கிறது, எப்படி உண்கிறது என்பதே அது தூண்டிலுக்கு வருமா என்பதைத் தீர்மானிக்கிறது. முள்ளின் தெரிவும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முன்னோர் அறிந்திருந்தது

கலிலேயாவுக்கு வடக்கே, யோர்தான் பாயும் ஹூலா பள்ளத்தாக்கில், பழைய கற்கால மனிதர் மீன்பிடித்த ஒரு கரையை ஆய்வாளர்கள் அகழ்ந்தார்கள். அங்கே கிடைத்த 19 எலும்புத் தூண்டில் முட்களைப் பற்றிய ஆய்வு 2021-இல் வெளியானது. அவற்றின் வயது 12,000 ஆண்டுகளுக்கும் மேல். முழுமையானவையும் உடைந்தவையுமான அந்த முட்கள் அளவிலும் வடிவிலும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. சிலவற்றில் மீன் நழுவாதபடி எதிர்க்கூர் செதுக்கப்பட்டிருந்தது. இரும்பையே அறியாத மனிதர், ஓர் எலும்புத் துண்டைப் பல மணி நேரம் தேய்த்து முள்ளாக்குமுன், எந்த மீனுக்காக இதைச் செய்கிறோம் என்று எண்ணியிருக்க வேண்டும். நமக்கோ பத்து முட்கள் ஒரு சிறு உறையில் கிடைக்கின்றன. அந்த எளிமை அந்த எண்ணத்தை நம்மிடமிருந்து எடுத்துவிடக் கூடாது.

அளவு

முள் வாங்கச் செல்கிறவரை முதலில் குழப்புவது எண். எண் ஏற ஏற முள் சிறுக்கும். 16-ஆம் எண் முள் மிகச் சிறியது. 8 அதைவிடப் பெரியது. 2 இன்னும் பெரியது. எண் 1-ஐக் கடந்தவுடன் கணக்கு திரும்பிவிடும்: 1/0, 2/0, 3/0 என்று எண்ணோடு முள்ளும் வளரும். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு சற்று மாறும் என்பதால், உறையின் மீதுள்ள எண்ணை மட்டும் நம்பாமல் முள்ளைக் கண்ணால் பாருங்கள். தண்டுக்கும் முனைக்கும் இடையிலுள்ள திறப்பையே முக்கியமாகப் பாருங்கள். இரையைக் கோத்த பிறகும் அந்தத் திறப்பு மீனின் உதட்டைக் கவ்வுமளவுக்கு மிஞ்சியிருக்க வேண்டும்.

பிறகு மீனின் வாயை நினையுங்கள். ஜிலேபிக்கும் சிறு கெண்டைகளுக்கும் வாய் சிறியது. மண்புழுத் துண்டோ மாவு உருண்டையோ கோத்த 8 முதல் 12 வரையிலான எண் போதும். ரோகுவின் வாய் சற்றுக் கீழ்நோக்கியது. மிர்கால் அடிமண்ணில் மேய்வது. கட்லாவின் அகன்ற வாய் மேல்நோக்கியது. இம்மூன்றும் வலிமையான மீன்கள். முள் அளவில் அடக்கமாகவும் கம்பியில் தடிப்பாகவும் இருக்க வேண்டும். மெல்லிய கம்பி முள் நிமிர்ந்துவிடும். விராலோ தவளையையே விழுங்கும் வாயுடையது. அதற்கு 1/0-க்கு மேற்பட்ட முட்கள் பொருந்தும்.

'சிறிய முள்ளைப் போட்டால் சிறியதும் வரும், பெரியதும் வரும்' என்று பலர் சொல்வதுண்டு. உண்மைதான், தீங்கும் அதில்தான் இருக்கிறது. சிறு முள் குஞ்சுகளின் வாய்க்குள்ளும் நுழையும். பெரிய மீனோ அதை உதட்டில் நிறுத்தாமல் தொண்டைவரை விழுங்கிவிடும். நீங்கள் விரும்பும் மீனின் வாய்க்குப் பொருந்தும் முள்ளையே கட்டினால், குஞ்சு இரையைக் கொத்திவிட்டு உயிரோடு போய்விடும். அன்று தக்கை பலமுறை ஆடும், கூடை நிறையாது. அந்த ஆட்டம் ஒவ்வொன்றும் நீங்கள் விட்டுக்கொடுத்த ஒரு சிறு உயிர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வடிவம்

கடைகளில் பொதுவாகக் கிடைப்பது, முனை தண்டுக்கு இணையாக மேல்நோக்கி நிற்கும் முள். மீன் கொத்தியவுடன் கழியைச் சுண்டினால் அது தைக்கும். சற்றுத் தாமதித்தால் மீன் விழுங்கிவிடும். இன்னொரு வகையில் முனை உள்நோக்கி, தண்டை நோக்கியே வளைந்திருக்கும். வட்ட முள் என்று அதைச் சொல்லலாம். அதைப் பார்க்கும்போது இது எப்படி மீனைப் பிடிக்கும் என்ற ஐயமே எழும். மீன் இரையோடு விலகிச் செல்லும்போது அந்த முள் தொண்டையைக் குத்தாமல் வழுக்கி வந்து, வாயின் ஓரத்தில் திரும்பித் தைக்கும். அதற்குக் கழியைச் சுண்டக் கூடாது. நரம்பை மெல்ல இறுக்கினால் போதும். கெளுத்தியைப் போல இரையை அப்படியே விழுங்கும் மீன்களுக்கு இந்த முள்ளே தக்கது என்பது என் உறுதியான கருத்து. அவசரக்காரருக்கு இது பிடிக்காது. பொறுமையைக் கற்பிக்கும் கருவி அவசரக்காரருக்கு எப்போதும் பிடிப்பதில்லை.

ஒரே தண்டில் மூன்று கொக்கிகள் உள்ள முள்ளை, ஏரிக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவர்கள் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஒரு கொக்கியை மீனின் வாயிலிருந்து எடுப்பதற்குள் மற்றொன்று அதன் கண்ணிலோ நம் விரலிலோ ஏறிவிடும். அதனினும் கொடிது, இரையே இல்லாமல் அந்த மும்முள்ளை நீரில் வீசி வெடுக்கென இழுத்து, எதிர்ப்பட்ட மீனை வயிற்றிலோ வாலிலோ குத்தி எடுக்கும் வழக்கம். தூண்டிலில் மீனுக்கும் ஒரு தெரிவு உண்டு. இரையைக் கவ்வலாம், விடலாம். அந்த ஒரு நேர்மையும் அங்கே இல்லை. ஆமோஸ் தீர்க்கதரிசி, சிறைப்பட்டு இழுத்துச் செல்லப்படுவோரின் துயரத்தைச் சொல்லத் தூண்டில் முட்களையே உருவகமாக எடுத்தார். முள்ளின் கொடுமையை அறிந்தவர்களின் நடுவில்தான் அந்த உருவகம் எடுபடும்.

எதிர்முள்

முனைக்குச் சற்றுக் கீழே, பின்னோக்கிச் சீவிவிடப்பட்ட சிறு கூர் ஒன்று உண்டு. உள்ளே போனது வெளியே வராதபடி தடுப்பது அதுதான். அதை எதிர்முள் என்று குறிப்போம். குறடு ஒன்றினால் அழுத்தினால் அது மடங்கிப் படிந்துவிடும். ஒரு நிமிட வேலை.

இங்கே நான் எல்லாருக்கும் ஒரே சட்டம் வைக்கவில்லை. இரவுக் குழம்புக்கு இரண்டு மீன் வேண்டும் என்று தூண்டிலிடுகிறவர் எதிர்முள் உள்ள முள்ளைப் பயன்படுத்துவதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. அவர் பிடிப்பதை உண்பார். மீனும் நெடுநேரம் வதைபடாது. ஆனால் 'பிடித்துப் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுவேன்' என்று சொல்கிறவர் எதிர்முள்ளோடு செல்வது, தம் சொல்லுக்கு எதிராகத் தாமே ஆயத்தம் செய்வது. அந்தக் கூரை வெளியே எடுக்கும்போது உதடு கிழிகிறது. மீன் நீருக்கு வெளியே துடிக்கும் நேரமும் நீள்கிறது. உலர்ந்த கையால் பிடித்திருந்தால் அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பும் போய்விடுகிறது. விடுவது உங்கள் எண்ணமானால், எதிர்முள்ளை மடக்குங்கள், கையை நனைத்துக்கொள்ளுங்கள், விரைவாக விடுங்கள். காவிரியின் நீர்த்தொகுதிக்கே உரிய திமில் மஹ்சீரைப் போல, அழிவின் விளிம்பில் நிற்பதாக 2018-இல் அறிவிக்கப்பட்ட மீன்களும் நம் ஆறுகளில் உண்டு என்பதை மறவாதீர்கள்.

முள் தொண்டைக்குள் இறங்கிவிட்டால் பிடுங்காதீர்கள். வாயருகே நரம்பை வெட்டி மீனை விட்டுவிடுங்கள். பிடுங்கினால் செவுள் கிழியும். வெட்டிவிட்டால் பிழைப்பதற்கு ஒரு வாய்ப்பாவது உண்டு. இதற்காகவே நன்னீருக்குத் துருப்பிடிக்காத எஃகு முள்ளைத் தவிர்ப்பது நல்லது. சாதாரண எஃகு முள் நாளடைவில் துருவேறி நொறுங்கும். துருப்பிடிக்காதது நெடுங்காலம் அப்படியே இருக்கும். நம் கைக்குத் துரு ஒரு குறை. மீனின் தொண்டைக்கு அது விடுதலை.

இதே எதிர்முள் பிள்ளைகளின் விரலில் ஏறினால், இழுக்க முயலாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டியதுதான். மடக்கப்பட்ட முள்ளானால் வந்த வழியே எளிதாக வந்துவிடும்.

முள்ளால் செய்ய முடியாதது

சரியான முள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் திரள்வதைக் கண்டால், அதன் அடியில் பெற்ற மீன் காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கூட்டத்தின் நடுவே ரப்பர் தவளையை எறிந்தால் அது சீறி வந்து கவ்வும். பசியால் அல்ல, பாசத்தால். அதைப் பிடித்தபின் அந்தக் குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்றுவிடும். அங்கே எந்த எண் முள்ளும் சரியான முள் அல்ல. நரம்பைச் சுற்றிக்கொண்டு வேறு கரைக்குப் போங்கள். புதுவெள்ளத்தை எதிர்த்து முட்டையோடு ஏறும் மீன்களுக்கும் இதுவே பொருந்தும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கலிலேயாவின் வலைக்காரர் எறிந்துவிட்ட அந்தச் செதிலற்ற கெளுத்தியைத்தான் நாம் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்கிறோம். அந்த ஏரிக்கு அது சொந்த மீன். நம் நீர்நிலைகளுக்கோ வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு, நாட்டு மீன்களைத் தின்று பெருகியது. நம் நாட்டில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது. அது சிக்கினால் திரும்ப நீரில் விடுவது இரக்கம் ஆகாது. நன்மை தீமை எது என்பதை இடமும் நீரும் அறிந்துதான் சொல்ல முடியும்.

சில மறுப்புகள்

"ஐயரே, மீனுக்கு வலி தெரியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அறிஞர்கள் விவாதிக்கட்டும். வலி தெரியாது என்று உறுதியாகத் தெரியும்வரை, தெரியும் என்று எண்ணி நடப்பதில் நமக்கு என்ன இழப்பு? ஓர் எண் பெரிய முள். ஒரு முறை குறடால் அழுத்துதல். இவ்வளவுதான் விலை.

"எதிர்முள் இல்லையென்றால் மீன் தப்பிவிடுமே" என்பது அடுத்த மறுப்பு. நரம்பு தளர்ந்தால் தப்பும். தளரவிடாமல் பிடிப்பதுதான் தூண்டிற்காரரின் திறமை. முள்ளின் முனையை நகத்தின்மேல் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கியது, பற்றினால் கூரானது. கூரான, எதிர்முள்ளற்ற முள் மழுங்கிய எதிர்முள்ளைவிட எளிதில் தைக்கும்.

"உலகத்தில் இத்தனை துன்பம் இருக்கும்போது மீன்முள்ளைப் பற்றி ஒரு தியானமா?" என்பதும் நியாயமான கேள்வியே. யாரும் பார்க்காத ஏரிக்கரையில், பதில் பேச முடியாத உயிரிடம் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறாரோ, அதுவே அவருடைய உண்மையான நடத்தை என்று நான் எண்ணுகிறேன். பெரிய காரியங்களில் நம்மைப் பலர் கவனிக்கிறார்கள். இங்கே கவனிக்கிறவர் ஒருவரே.

ஆபகூக் தீர்க்கதரிசி முதலாம் அதிகாரத்தில் ஒரு கொடிய மீன்பிடிகாரனைக் காட்டுகிறார். அவன் தூண்டிலாலும் வலையாலும் எல்லாவற்றையும் வாரிக்கொள்கிறான். பிறகு தன் வலைக்கே பலியிட்டுத் தூபம் காட்டுகிறான். கருவி மிகுதியாகத் தந்ததால் கருவியே அவனுக்குத் தெய்வமாகிவிட்டது. அவன் எதிரே பேதுருவை நிறுத்திப் பாருங்கள். கையில் ஒரு நரம்பு, ஒரு முள். ஒரு மீனை எடுத்தார், கடன் தீர்ந்தது, எழுந்து போனார். தமக்கு எவ்வளவு போதும் என்று அறிந்து கரைக்குப் போனவர் அவர்.

அடுத்த முறை உங்கள் பெட்டியைத் திறக்கும்போது, முள்ளை எடுக்குமுன் ஒரு நொடி நில்லுங்கள்.

இந்த வாரச் சிந்தனைக்கு

1. இன்று எந்த மீனை நாடி வந்திருக்கிறேன்? எவற்றை விட்டுவிட உத்தேசித்திருக்கிறேன்? என் கையிலுள்ள முள் அந்த உத்தேசத்துக்கு இசைந்ததா?

2. எனக்கு எத்தனை போதும் என்பதைக் கரைக்கு வருமுன் தீர்மானித்தேனா?

3. அறுந்த நரம்பையும் பழைய முள்ளையும் கரையில் விட்டுச் செல்கிறேனா? நீர்ப்பறவையின் காலில் அவை சுற்றிக்கொள்ளுமே!

கர்த்தருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக.